ஆறாவது படி

"மாமா, சனிக்கிழமை ஃப்ரீயா?" என்று அக்கா மகள் போன் செய்தபோது, ஏதோ சினிமா டிக்கெட் என்று நினைத்து "ஃப்ரீதான்" என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்.

"எங்க சாஃப்ட்வேர் யூஸர்ஸ் கான்ஃபரன்ஸ். முதல் தடவையா மேடையில பேசறேன். அப்பாவைக் கூட்டிட்டு வந்துடுங்க. தனியா வரச் சொன்னா, ‘எனக்கென்னம்மா புரியும்’னு வீட்லயே உட்கார்ந்துடுவார்."

கட்டடம் டிசைன் செய்கிற சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகிறவர்கள் கூடுகிற மாநாடு. எனக்கு மட்டும் என்ன புரியும்? நான் பி.காம். கட்டடங்களோடு எனக்கிருக்கும் ஒரே தொடர்பு அரையாண்டுக்கு ஒருமுறை கட்டும் சொத்து வரி. ஆனாலும் போனேன். மதியச் சாப்பாடு பஃபே என்று சொல்லியிருந்தாள்.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐ.டி.ஐ-யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படித்தவர். தி.நகரில் ஒரு ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் வேலை. சாய்வான போர்டு, மினி டிராஃப்டர், டிரேசிங் பேப்பர், இங்க் பேனா. தப்பாகக் கோடு விழுந்தால் ரப்பரெல்லாம் உதவாது. பழைய ஷேவிங் பிளேடை லேசாக வளைத்துப் பிடித்து மையைச் சுரண்டி எடுப்பார். கொஞ்சம் அழுத்தினால் பேப்பரில் ஓட்டை. மூன்று நாள் வேலை போச்சு. நான் காலேஜில் படித்த காலத்தில் அவர்கள் வீட்டுக்குப் போனால், அத்தான் கையில் பிளேடு இருக்கிற நேரம் அக்கா என்னை வாய் திறக்க விடமாட்டாள்.

1997-ல் அந்த ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஆறு மாதத்தில் போர்டுகளையெல்லாம் மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். அத்தான் முப்பத்து நாலு வயதில், இருபத்தியோரு வயதுப் பையனிடம் உட்கார்ந்து ஆட்டோகேட் கற்றுக்கொண்டார். மவுஸைப் பிடிக்கும்போது சுண்டு விரலை மேலே தூக்கியே வைத்திருப்பார். மை கலையக் கூடாதே என்று பழகிய விரல். இன்னும் அப்படித்தான்.

கிண்டியில் ஒரு நட்சத்திர ஹோட்டல். வாசலிலேயே மேஜை போட்டு, கழுத்தில் மாட்டும் அட்டை கொடுத்தார்கள். கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்த பெண், "உங்க டெசிக்னேஷன் சார்?" என்று கேட்டாள்.

"டிராஃப்ட்ஸ்மேன்."

அவள் திரையில் மேலும் கீழும் தேடினாள். பிஐஎம் மேனேஜர் இருந்தது, மாடலர் இருந்தது, கோஆர்டினேட்டர் இருந்தது. டிராஃப்ட்ஸ்மேன் இல்லை. "சார், ‘அதர்ஸ்’னு போட்டுடட்டுமா?"

"போடும்மா. நாற்பது வருஷமா அதானே" என்றார் அத்தான் சிரித்துக்கொண்டே. எனக்கு ‘மீடியா’ என்று அடித்துக் கொடுத்தார்கள். அக்கா மகளின் அட்டையில் ‘ஸ்பீக்கர்’. அத்தான் அதை மட்டும் இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார்.

உள்ளே ஐந்நூறு பேர் இருக்கலாம். பெரும்பாலும் முப்பது வயதுக்குள். என் பக்கத்தில் உட்கார்ந்த பையனுக்குச் சொந்த ஊர் துறையூர். "டெக்சாஸ்ல ஒரு ஸ்கூல் சார். அதுல எல்லா பாத்ரூமும் நான்தான் போட்டேன்" என்றான். போய்ப் பார்த்திருக்கிறாயா என்றேன். "பாஸ்போர்ட்டே இல்லை சார்." சென்னையில் இப்படி ஒரு கூட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் நிற்கப்போகும் பாலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இரும்பு உத்தரங்களின் படங்களை, போல்ட் ஓட்டை எத்தனை மில்லிமீட்டர் என்பது வரைக்கும், இங்கே உட்கார்ந்து தயார் செய்கிறவர்கள். அங்கே பொழுது விடியும்போது படம் மெயிலில் போய்விடும்.

முதலில் பேசியவர் சரித்திரம் சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. ஆட்டோகேட் வெளிவந்தது 1982-ல். போர்டில் போடுகிற கோட்டைத் திரையில் போட வைத்தது அது. ஆனால், அதற்குக் கோடு வெறும் கோடுதான். அது சுவரா, ஜன்னலா, வேட்டிக் கரையா என்று தெரியாது. அடுத்த தலைமுறை சாஃப்ட்வேர்களுக்குத் தெரியும். அதில் பிரபலமானது ரெவிட். 2000-ல் வந்தது. ‘ரிவைஸ் இன்ஸ்டன்ட்லி’, அதாவது ‘உடனே திருத்து’ என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயராம். ஆட்டோகேட் முதலாளியான ஆட்டோடெஸ்க், 2002-ல் 13.3 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கிவிட்டது. இதில் சுவர் என்று போட்டால் அது சுவர். அதன் உயரம், தடிமன், பூச்சு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். பிளானில் ஒரு ஜன்னலை ஓரடி நகர்த்தினால், முன்பக்கத் தோற்றம், குறுக்குவெட்டு, ஜன்னல் கணக்குப் பட்டியல் என்று எல்லா இடத்திலும் தானாகவே நகர்ந்துகொள்ளும்.

"ஒரு ஜன்னல் நகர்ந்தா நாங்க நாலு ஷீட் சுரண்டணும்" என்று என் காதில் சொன்னார் அத்தான்.

இந்த ஆட்களின் பாஷை அலாதியானது. ரெவிட்டில் கதவு, ஜன்னல், நாற்காலி, வாஷ்பேசின் எல்லாவற்றுக்கும் பெயர் ‘ஃபேமிலி’. டீ இடைவேளையில் எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது: "என் ஃபேமிலி ரொம்ப ஹெவியாயிடுச்சுடி, ஓப்பனே ஆக மாட்டேங்குது." "தேவையில்லாததை எல்லாம் தூக்கிட்டு லோட் பண்ணிப் பாரேன்." ஜன்னலுக்கு ஒரு சுவர் வேண்டும், அதற்குப் பெயர் ‘ஹோஸ்ட்’. சுவரை அழித்தால் அதிலுள்ள ஜன்னலும் காணாமல் போய்விடும். எனக்கு எங்கள் பெரியப்பா குடும்பம் ஞாபகம் வந்தது. அது வேறு கதை.

அன்றைக்கு எனக்கு முழுசாகப் புரிந்த ஒரே விஷயம் வாடகைப் பிரச்னை. முன்பெல்லாம் சாஃப்ட்வேரை ஒரு முறை காசு கொடுத்து வாங்கினால் நம்முடையது. 2016-லிருந்து ஆட்டோடெஸ்க் அப்படிப் புதிதாக விற்பதை நிறுத்திவிட்டது. வருஷா வருஷம் சந்தா. கட்டவில்லையென்றால், நாம் வரைந்த படத்தை நம்மாலேயே திறக்க முடியாது. பி.காம். பாஷையில் சொன்னால், மூலதனச் செலவை வருவாய்ச் செலவாக மாற்றிவிட்டார்கள். தேய்மானம் எழுதக்கூட எதுவும் மிஞ்சாது. 2020-ல் பிரிட்டனின் பெரிய பெரிய கட்டடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து, விலை ஏறுகிறது, சாஃப்ட்வேர் வளரவில்லை என்று அந்தக் கம்பெனிக்குப் பகிரங்கக் கடிதமே எழுதின. லண்டன்காரர்களே புலம்பினால், குரோம்பேட்டையில் நாலு பேரை வைத்து ஆபீஸ் நடத்துகிறவர் என்ன செய்வார்? மேடையில் இருந்தவரிடம் ஒருத்தர் மைக்கைப் பிடித்து இதையே கேட்டார். "நல்ல கேள்வி" என்று பதில் வந்தது. பதில் அவ்வளவுதான்.

அடுத்து வந்தவர் இரும்புக் கட்டுமானத்தில் அனுபவசாலி. நரைத்த தலை. ஸ்லைடு எதுவும் பெரிதாக இல்லை. ஒரு கம்பி, ஒரு நட்டு, கோட்டுப் படம். அவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஆணி அடித்த மாதிரி உட்கார வைத்துவிட்டார்.

அமெரிக்காவில் கேன்சஸ் சிட்டி. ஹயாத் ரீஜென்சி ஹோட்டல். நடுக்கூடத்தின் குறுக்கே, அந்தரத்தில் தொங்கும் நடைபாலங்கள். நாலாவது மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாவது மாடிப் பாலம். முதல் டிசைனில், கூரையிலிருந்து வரும் ஒரே நீளக் கம்பி நாலாவது மாடிப் பாலத்தைத் துளைத்துக்கொண்டு கீழே போய் இரண்டாவது மாடிப் பாலத்தையும் தாங்கும். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை போட்டு நட்டு ஏற்றுவது சிரமம் என்று, கம்பியை இரண்டாக்கிவிட்டார்கள். மேல் பாலம் கூரையிலிருந்து தொங்கும். கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்து தொங்கும்.

பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால், வீட்டில் இரண்டு உறி இருக்கிறது என்று வையுங்கள். இரண்டையும் விட்டத்தில் தனித்தனியே கட்டலாம். அல்லது, ஒரு உறியைக் கட்டி, அதன் அடியில் இன்னொரு உறியை முடிச்சுப் போடலாம். இரண்டாவது வகையில் மேல் உறியின் முடிச்சுக்கு இரண்டு பானை கனம். அங்கேயும் மேல் பாலத்தின் நட்டுக்கு இரண்டு மடங்கு பாரம். முதல் டிசைனே சட்டப்படி தாங்க வேண்டிய பாரத்தில் அறுபது சதவிகிதம்தான் தாங்கியிருக்கும் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். மாற்றியதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமலே படத்தில் முத்திரை விழுந்துவிட்டது. போனில் கேட்டுத்தான் மாற்றினோம் என்றது ஒரு தரப்பு. அப்படி ஒரு போனே வரவில்லை என்றது இன்னொரு தரப்பு. 1981 ஜூலை 17. கூடத்தில் நடன விருந்து. பாலங்கள் விழுந்தன. 114 பேர் செத்துப் போனார்கள்.

"மாத்தினது தப்பில்லை. சைட்ல மாறாத டிராயிங் உலகத்துலயே கிடையாது. மாத்தினதை யாரும் உட்கார்ந்து திரும்பக் கணக்கு போடலை" என்றார் அவர். ஹாலில் இருமல் சத்தம்கூட இல்லை. எனக்கு மௌலிவாக்கம் ஞாபகம் வந்தது. 2014 ஜூன் 28, மழை பெய்த சனிக்கிழமை. பதினோரு மாடி சரிந்த இடத்தில், ராத்திரி ஜெனரேட்டர் வெளிச்சத்தில், குறிப்பெடுக்க நோட்டை விரித்து வைத்துக்கொண்டு எதுவும் எழுதாமல் நின்றேன். 61 பேர். அத்தான் என்ன நினைத்தாரோ, கழுத்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் கடைசிப் பேச்சு அக்கா மகளுடையது. இருபது நிமிஷம். தலைப்பு, ‘கிளாஷ் டிடெக்‌ஷன்’. பீம் போகிற இடத்தில் ஏசி குழாய் போகிறதா, கழிவுநீர்க் குழாய் தூணைத் துளைக்கிறதா என்று, கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டர் மாடலில் கண்டுபிடிப்பது. ஒரு பொருள் இன்னொன்றுக்குள் புகுந்துவிட்டால் அது ‘ஹார்ட் கிளாஷ்’. புகவில்லை, ஆனால் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி இல்லை என்றால் ‘சாஃப்ட் கிளாஷ்’. கதவு முழுசாகத் திறக்காது, ஆள் குனிந்து போக வேண்டும், அந்த மாதிரி. ஒரு ஆஸ்பத்திரி மாடலைக் காட்டினாள். சிவப்புச் சிவப்பாக ஆயிரக்கணக்கில் மோதல்கள். பெண் நன்றாகத்தான் பேசினாள். அத்தான் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்போ ஒரு சின்ன கேஸ் ஸ்டடி" என்று அடுத்த ஸ்லைடைப் போட்டாள்.

எங்கள் வீட்டு மாடிப்படி!

இந்த இடத்தில் எங்கள் வீட்டு பீமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மடிப்பாக்கத்தில் அப்பா 1994-ல் கட்டிய வீடு. பிளான் போட்டது அத்தான். அப்போது கல்யாணமாகி மூன்று வருஷம். மாப்பிள்ளையிடம் காசு கொடுத்தால் வாங்க மாட்டார் என்று அப்பா ஒரு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் வந்தது. படிக்கட்டைத் தவிர. ஹாலிலிருந்து மாடிக்கு ஏறும்போது, ஆறாவது படியில் கால் வைத்தால் நெற்றிக்கு நேரே பீம். ஐந்தடி ஒரு அங்குலத்துக்கு மேல் வளர்ந்தவர்கள் கும்பிடு போட்டுத்தான் ஏற வேண்டும். முப்பது வருஷமாக அந்த பீமில் பஞ்சு கட்டிப் பார்த்தோம், சாக்கு சுற்றினோம், காலண்டர் மாட்டினோம், ‘தலை ஜாக்கிரதை’ என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். ஸ்டிக்கரைப் படிக்க நிமிர்கிறவர்களுக்குத்தான் பலமாக இடித்தது. என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்க வந்த பெண் வீட்டு மாமா இடித்துக்கொண்டு, சகுனம் சரியில்லை என்று கிளம்பப் பார்த்தார்.

ஒவ்வொரு முறை ஒரு தலை இடிக்கும்போதும் எங்கள் வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே வசனம்: "அத்தான் போட்ட பிளான்!" அம்மா இன்னும் ஒரு படி மேலே. "நல்ல வேளை, இவர் அணைக்கட்டுக்குப் பிளான் போடலை." தீபாவளி, பொங்கல், வளைகாப்பு, எல்லா விசேஷத்துக்கும் இந்த ஜோக் உண்டு. நானே இந்தப் பத்திரிகையில் ஒருமுறை எழுதியிருக்கிறேன். அத்தான் எப்போதும் சிரிப்பார். கூடவே சிரிப்பார்.

திரும்ப ஹாலுக்கு வருகிறேன். "இது எங்க பாட்டி வீடு. பிளான் போட்டது எங்கப்பா. அப்பா பண்ணின தப்பை வச்சு காமெடி பண்ணலாம்னுதான் ஆரம்பிச்சேன்" என்றாள். சிரிப்பு. அத்தானும் சிரித்தார். "பரண்ல ஒரு தகரக் குழாய்க்குள்ள ஒரிஜினல் டிரேசிங் கிடைச்சது. அதைப் பார்த்து ரெவிட்ல வீட்டை மாடல் பண்ணினேன். படியில தலைக்கு மேல ஏழடி இருக்கணும்னு ரூல் வச்சு, கிளாஷ் ரன் பண்ணினேன்."

அடுத்த ஸ்லைடு. ஒரே ஒரு எண். 0.

"சாஃப்ட்வேர் தப்புன்னு நினைச்சு மூணு தடவை ஓட்டினேன். மூணு தடவையும் ஜீரோ. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை போய் டேப் வச்சு அளந்தேன்." இரண்டு வாரம் முன்பு அவள் வந்து படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சும்மா விளையாடுகிறாள் என்று நினைத்திருந்தேன். "டிராயிங்ல அந்த பீம் ரெண்டாவது படிக்கு மேல போகுது. தலைக்கு மேல ஏழடி அஞ்சு அங்குலம். தாராளம். கட்டின வீட்ல அதே பீம் அதே இடத்துலதான் இருக்கு. படிக்கட்டு மட்டும் நாற்பது அங்குலம் தெற்கே தள்ளி ஆரம்பிக்குது. அதனால பீம் ஆறாவது படிக்கு மேல வந்துடுச்சு. டிராயிங் கரெக்ட். எங்கப்பா கரெக்ட்."

கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. என் கை வேறெங்கோ இருந்தது.

நாற்பது அங்குலம். எனக்கு அந்த நாள் அப்படியே தெரிந்தது. நான் பி.காம். முதல் வருஷம். கொத்தனார்களுக்குத் தூக்கில் டீ வாங்கிக்கொண்டு சைட்டுக்குப் போகிறேன். ஈசானிய மூலையில் பூஜை அறைக்கு ஒற்றைச் செங்கல் வரிசை போட்டிருக்கிறது. அத்தான் போட்ட பிளானில் அது நாலடிக்கு ஐந்தடி, அலமாரி மாதிரி. உள்ளே உட்கார்ந்து விளக்கேற்றுகிற மாதிரி வேண்டும் என்று அம்மா ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அறையை நீட்டினால் படிக்கட்டு அதற்கு மேலே வரும். சாமிக்கு மேல் கால் வைத்து ஏறுவதா? அப்பா மேஸ்திரியைக் கூப்பிட்டார். "படியை இந்தப் பக்கம் தள்ளிக்கலாமா?" "தாராளமா தள்ளலாம் சார், நம்ம கையில என்ன இருக்கு?" அப்பா டேப்பை எடுத்தார். ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டு, செங்கல் துண்டால் தரையில் கோடு கிழித்தார்.

மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பலாம். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால், கோடு கிழித்தபோது அந்தச் செங்கல் துண்டு அரைத்த சத்தம் வரைக்கும் ஞாபகம் வருகிறதே, இதுவா மறதி?

கேள்வி நேரம். ஒரு பெரியவர் எழுந்து, "டிராயிங் கரெக்ட்னா சைட்ல மாத்தினது யாரும்மா?" என்றார்.

"அதைக் கண்டுபிடிக்க இன்னும் சாஃப்ட்வேர் வரலை சார்" என்றாள். மறுபடி கைதட்டல்.

பஃபேயில் கூட்டம். தட்டை எடுத்துக்கொண்டு அத்தானும் நானும் ஓரமாக ஒரு மேஜையில் உட்கார்ந்தோம்.

"அத்தான், அந்தப் படியை..."

"வெண்டைக்காய் நல்லா மொறுமொறுன்னு இருக்கு, எடுத்துக்கலையா?"

எடுத்துக்கொண்டு வந்தேன். தயிர் சாதம் வரைக்கும் அவர் பேசவில்லை. பிறகு அவரே ஆரம்பித்தார். "அப்ப எங்க சித்தப்பா தவறிட்டார். காரியத்துக்கு ஊருக்குப் போய் பதினஞ்சு நாள் ஆயிடுச்சு. வந்து பார்த்தா படிக்கு கான்கிரீட் போட்டு, சாக்கு போர்த்தி தண்ணி ஊத்திட்டிருக்காங்க. ஏறிப் பார்த்தேன். ஆறாவது படியில இடிச்சுது. முதல்ல இடிச்சது என் தலைதான்."

"அப்பாகிட்ட கேட்கலையா?"

"கேட்டேன். ‘மாப்பிள்ளை, அவ ஆசைப்பட்டா. இவ்வளவு வரும்னு எனக்குத் தெரியலை’ன்னார். இடிச்சுக் கட்டணும்னா அன்னிக்குப் பன்னெண்டாயிரம். உங்கப்பா கடைசி தவணை பி.எஃப். லோன்ல ஓட்டிட்டிருந்தார். விட்டுடலாம் மாமான்னு நான்தான் சொன்னேன்."

"அதைச் சொல்லியிருக்கலாமே எல்லார்கிட்டயும்?"

அத்தான் ஸ்பூனால் தட்டில் ஏதோ கோடு போட்டார். "கிரகப்பிரவேசத்தன்னிக்கு உங்க பெரியப்பா மாடி ஏறப் போய் இடிச்சுக்கிட்டார் பாரு. ‘எந்த மடையன்யா பிளான் போட்டது?’ன்னு சத்தம் போட்டார். எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. நான் உங்கப்பாவைப் பார்த்தேன். ஒரு செகண்ட். அவர் ‘அண்ணனுக்குத் தண்ணி கொண்டு வரேன்’னு உள்ளே போயிட்டார். அவ்வளவுதான் தம்பி. அந்த ஒரு செகண்ட் போச்சுன்னா அப்புறம் எங்கே சொல்றது? மாமா இருக்கிறப்ப சொன்னா அவருக்கு அவமானம். போனப்புறம் சொன்னா எனக்கு அவமானம்."

அப்பா 2009-ல் காலமானார். பூஜை அறையில்தான் படம் மாட்டியிருக்கிறது. விசாலமாக, உட்கார்ந்து விளக்கேற்றுகிற மாதிரியான பூஜை அறை. அம்மா தினமும் காலையும் மாலையும் அதில்தான் உட்காருகிறாள். வெளியே வந்து, யார் தலையாவது இடித்தால் மாப்பிள்ளையைத் திட்டுகிறாள்.

டேப்பைப் பிடித்தது நான் என்று அத்தானிடம் சொன்னேன். சொல்ல இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. அவர் தலையைத் தூக்காமல், "தெரியும். மேஸ்திரி சொன்னான்" என்றார்.

இத்தனை வருஷம். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான் அந்த ஜோக்கை அடிக்கும்போது, எதிரில் உட்கார்ந்து சிரித்த மனுஷர்.

அதற்குள் அக்கா மகள் ஐஸ்க்ரீமோடு ஓடி வந்தாள். மேடை பயம் போன குஷி. "எப்படி மாமா இருந்துச்சு? அப்பா, உங்க பேரை கிளியர் பண்ணிட்டேன் பார்த்தீங்களா! ஆமா, நிஜமாவே யாருப்பா மாத்தினது?"

நான் வாயைத் திறந்தேன். அத்தான் முந்திக்கொண்டார். "மேஸ்திரிதாம்மா. அந்தக் காலத்து மேஸ்திரிங்க அப்படித்தான், தானா ஏதாவது பண்ணிடுவாங்க." அந்த மேஸ்திரி செத்துப் பத்து வருஷமாகிறது. அவர் வந்து மறுக்கப் போவதில்லை. நானும் மறுக்கவில்லை. இரண்டாவது முறையாக.

சாயங்காலம் திரும்பும்போது காரில் அத்தான் சாஃப்ட்வேரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். செக்‌ஷன் தானாக வெட்டிக்கொள்வது அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "அந்தப் பொண்ணு மூணு தடவை ஓட்டினேன்னு சொன்னா பாரு, அது சரி. முதல் தடவையே நம்பிடக் கூடாது" என்றார். மகளை அவர் அதற்குமேல் பாராட்டிக் கேட்டதில்லை. சின்னமலையில் டிராஃபிக்கில் நிற்கும்போது, இந்த வாரம் இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்ததும் என் மனைவி இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுவாள். பூஜை அறை வாசலில் உட்கார்ந்துதான் கேட்பாள். அதையும் அத்தானிடம் சொன்னேன்.

சிக்னல் விழுந்தது. வண்டிகள் நகர்ந்தன. ராஜ்பவன் தாண்டுகிற வரைக்கும் அவர் பதில் சொல்லவில்லை.

"எழுதணும்னா எழுது" என்றார் பிறகு. "ஆனா, பீமோட அடிமட்டத்தைச் சரியா எழுது. தரையிலேர்ந்து எட்டடி ஏழு அங்குலம். அதுல நான் தப்பு பண்ணலை."